மண்ணும் மரமும் மக்களும் – 17: சராசரிக்குள் காணாமல் போன பிள்ளைகள்

ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட 1950-களின் கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோன குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் என்ன ஆனார்கள் என்ற கேள்வியோடு அந்தப் பகுதி நின்றது. அதற்கு விடை தேடப் போனால் வழியில் ஒரு பெரிய வழக்கு குறுக்கே நிற்கிறது. ஓர் இனம் படிப்பிலும் பொருளிலும் முன்னேறுகிறது, இன்னோர் இனம் பின்தங்குகிறது. இதற்குக் காரணம் பிறப்போடு வந்த அறிவுத்திறனா, பண்பாடா, வாய்ப்பா என்பதே அந்த வழக்கு. மேல்நாடுகளில் இது உளவியல் ஏடுகளில் நடந்தது. இங்கே மலேசியாவில் வெள்ளைக்கார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளிலும், பொருளியல் கட்டுரைகளிலும், பின்னாளில் பிரதமரான ஒருவர் எழுதிய நூலிலும் நடந்தது. நூறாண்டுகளில் சொல்லப்பட்ட விடைகள் பலவகை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அளவுகோல் ஒன்றுதான்: ஓர் இனத்துக்கு ஒரு சராசரி. அந்த அளவுகோலே தவறானது என்பதை இந்த நாட்டின் எண்களைக் கொண்டே காட்ட முடியும் என்பதுதான் இப்பகுதியில் நான் வைக்கும் வாதம்.

1970-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவின் மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 11 விழுக்காடு. அதே ஆண்டில் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலிய பதிவுபெற்ற நிபுணர்களில் இந்தியர் ஏறத்தாழ 23 விழுக்காடு. மக்கள்தொகையில் இருந்த பங்கைப்போல் இரண்டு மடங்கு. இந்த எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர், இந்தியர் இயல்பாகவே அறிவில் சிறந்தவர்கள் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் அதே காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் மிகப் பலர் ஆறாம் வகுப்போடு நின்றார்கள். பலர் அதையும் எட்டவில்லை. அந்தப் பள்ளிகளை மட்டும் பார்ப்பவர் நேர் எதிரான கட்டுரையை எழுதிவிடலாம். இரண்டு கட்டுரைகளும் ‘இந்தியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் இருந்தவர்களைப் பற்றியவை. பிறப்பில் வந்த திறனே காரணம் என்று வாதிடுபவர், ஒரே இனத்துக்குள் இவ்வளவு பெரிய பிளவு எப்படி வந்தது என்பதற்கு முதலில் கணக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் வந்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் தொடங்கினார்கள். இரண்டு மூன்று தலைமுறை ஆங்கிலப் படிப்பு அங்கே வேரூன்றிய பிறகுதான் மலாயாவில் ரயில் பாதைகளும் அரசாங்க அலுவலகங்களும் பெருகின. அந்த வேலைகளுக்கு யாழ்ப்பாணத்தார் வந்து சேர்ந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளி இருந்தது. 1893-இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கழகம் போன்ற ஆங்கிலப் பள்ளிகள் அதே நகரில் இருந்தன. சம்பளம் மாதந்தோறும் வந்தது, ஓய்வூதியமும் உண்டு. மறுபக்கத்தில் உலு லங்காட் வட்டாரம். காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1895 வாக்கில் வணிக முறையில் ரப்பர் நட்டதிலிருந்து அந்தப் பக்கமெல்லாம் பால்மரக் காடாயிற்று. செமினியும் ரிஞ்சிங்கும் அதில் அடக்கம். அங்கே கங்காணி வழியாக வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது முதலாளி போட்டுக்கொடுத்த கொட்டகை. படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. எப்படிப்பட்ட பள்ளி என்பதைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டுவிட்டது. பல இடங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஒரே கூரைக்கடியில் பார்த்துக்கொண்டார். வளர்ந்த பிள்ளைகள் விடியற்காலையில் மங்கு துடைக்கவும் பால் எடுக்கவும் பெற்றோரோடு போனார்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் சோகையும் அந்தப் பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை. இவ்விரு கூட்டத்தாரும் பேசிய மொழி ஒன்று, கும்பிட்ட முருகன் ஒருவன். படிப்பில் அவர்களுக்கு இடையே இருந்த இடைவெளியோ மிகப் பெரியது.

இத்தனை வேறுபாட்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டது குடியேற்ற ஆட்சியின் மக்கள்தொகைக் கணக்கு. 1891 கணக்கெடுப்பிலேயே ‘தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும்’ என்று ஒரு தலைப்பு வந்துவிட்டது. பின்னர் வந்த கணக்கெடுப்புகளில் இலங்கைத் தமிழர் ஒரு முறை வெளியே வைக்கப்பட்டார்கள், ஒரு முறை உள்ளே சேர்க்கப்பட்டார்கள். பெட்டிகள் வந்ததும் ஒவ்வொன்றின்மேலும் ஒரு குணம் ஒட்டப்பட்டது. மலாய்க்காரர் உழைக்க விரும்பாதவர் என்று பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் எழுதினார். சீனர் சுறுசுறுப்பானவர், ஆனால் அடக்கிவைக்க வேண்டியவர். தமிழர் பணிவானவர், மலிவானவர். குணம் தீர்மானமான பிறகு பள்ளி அதற்கேற்ப வகுக்கப்பட்டது. மீனவன் மகனையும் விவசாயி மகனையும் தகப்பனைவிடச் சற்றுத் தேர்ந்த மீனவனாகவும் விவசாயியாகவும் ஆக்குவதே அரசின் நோக்கம் என்று இன்னோர் அதிகாரியான ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1920-ஆம் ஆண்டறிக்கையில் எழுதினார். அந்த நோக்கத்தோடு நடத்தப்பட்ட மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவராகவில்லை என்பதைப் பின்னால் ஒருவர் அளந்து பார்த்து, அதை இனத்தின் இயல்பு என்று சொன்னால், அவர் அளந்தது மேக்ஸ்வெலின் திட்டத்தைத்தான். சமூகவியலாளர் சைட் உசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட ‘சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை’ நூல் இந்த முடிச்சை அவிழ்த்தது. நெல் விளைவித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த மலாய்க்காரர் வெள்ளைக்காரத் தோட்டத்தில் கூலி வேலைக்கு வர மறுத்தார்கள், அந்த மறுப்புக்கே சோம்பல் என்று பெயர் வைக்கப்பட்டது என்பது அவருடைய வாதம்.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பெட்டிகள் உடையவில்லை. உள்ளே இருந்தவர்களே அவற்றைப் பற்றி வாதிடத் தொடங்கினார்கள். பொருளியலாளர் உங்கு அசிஸ் 1950-களிலேயே கிராம மலாய்க்காரரின் வறுமைக்கு இடைத்தரகரின் சுரண்டலும், குறைந்த உற்பத்தித்திறனும், அரசின் புறக்கணிப்புமே காரணம் என்று எழுதிவந்தார். தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தவரும் இவர்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். 1967-இல் பிரையன் பார்க்கின்சன் ‘மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்’ ஏட்டில் இதற்கு எதிர்த்திசையில் போனார். பொருளாதாரத்துக்குப் புறம்பான காரணங்களை, அதாவது மாற்றத்தை ஏற்கத் தயங்கும் மனத்தையும் விதியை நம்பும் போக்கையும் அவர் முன்வைத்தார். மறு ஆண்டே வில்லியம் வைல்டர் அதே ஏட்டில் மறுப்பு எழுத, பார்க்கின்சன் பதில் கொடுத்தார். 1969-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன், கறுப்பினப் பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு குறைவாக இருப்பதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம் என்று எழுதிப் புயலைக் கிளப்பினார். அதே ஆண்டு மே 13 இனக் கலவரத்துக்குப் பின் ஆளுங்கட்சியான அம்னோவிலிருந்து நீக்கப்பட்ட மருத்துவர் மகாதீர் எழுதிய ‘மலாய்க்காரரின் இக்கட்டு’ நூல் 1970-இல் சிங்கப்பூரில் வெளியாயிற்று. மலேசியாவில் அது தடை செய்யப்பட்டது. 1981-இல் அவர் பிரதமரான பிறகே தடை நீங்கியது. மரபும் சூழலும் மலாய் இனத்தை எப்படி உருவாக்கின என்பதற்கு அதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. எளிதில் கிடைத்த உணவும் நெருங்கிய உறவுக்குள் நடந்த திருமணங்களும் ஓர் இனத்தைத் தளர்த்தின, பஞ்சத்தில் பிழைத்து வந்த சீனரோ உறுதிப்பட்டார்கள் என்ற போக்கில் அது செல்கிறது. நியாயமாகச் சொன்னால், தம் மக்களைப் பழிப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அரசு கைகொடுக்க வேண்டும் என்று வாதிடவே எழுதினார். ஆனால் பிரிட்டிஷார் ஒட்டிய சீட்டையே அவரும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார் என்று அலாத்தாஸ் சரியாகவே சுட்டினார்.

அடுத்து நடந்தவை அந்த அத்தியாயத்துக்கே மறுப்பாக அமைந்தன. 1973-இல் கல்வி அமைச்சு, முராட் முகமது நூர் தலைமையில், பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. குடும்ப வறுமைக்கும் படிப்பை விடுவதற்கும் நேர்த் தொடர்பு இருப்பதை அது எண்களோடு நிறுவியது. 1974-இல் கல்விக் கொள்கையை ஆராய அமைச்சரவைக் குழு அமைந்தபோது அதன் தலைவரானவர் கல்வியமைச்சர் மகாதீர். 1979-இல் வந்த அதன் அறிக்கையை ஒட்டி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற அடிப்படைகளை முன்னிறுத்திய புதிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டம் 1983-இல் நாடெங்கும் வந்தது. மரபைப் பற்றி அத்தியாயம் எழுதியவர் அமைச்சரானதும் மருந்து தேடியது பள்ளியிலும் பாடத்திட்டத்திலும்தான். பதிவுபெற்ற நிபுணர்களில் 1970-இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் பிற சுதேசிகளும்), 1990-இல் ஏறத்தாழ 29 விழுக்காடு ஆனார்கள். இருபது ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைகூட இல்லை. அதற்குள் ஓர் இனத்தின் மரபணு மாறுவதில்லை. உபகாரச் சம்பளமும் விடுதிப் பள்ளியும் பல்கலைக்கழக இடமும் மாறலாம். இது கோட்டாவின் விளைவுதானே, திறமைக்கு இதில் என்ன சான்று என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டாவுக்குப் பங்கு இருந்தது உண்மை. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு திருத்தப்பட்டதே பல்கலைக்கழக இடங்களை ஒதுக்க வழிசெய்யத்தான். அதனால் வாசலுக்கு வெளியே நின்ற ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்கு நேர்ந்த இழப்பும் உண்மை. ஆனால் ஒரு கொள்கை இருபது ஆண்டுகளில் இந்த எண்ணை ஆறு மடங்காக்க முடிந்தது என்று ஒப்புக்கொள்பவர், 1970-இல் இருந்த எண் அந்த இனத்தின் திறனைக் காட்டவில்லை என்பதையும் கூடவே ஒப்புக்கொள்கிறார்.

அறிவியல் தரப்பிலிருந்து வரும் ஆட்சேபணை இதைவிடக் கனமானது. இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்து நடத்திய ஆய்வுகள், ஒருவருக்கொருவர் நுண்ணறிவு ஈவில் காணும் வேறுபாட்டில் மரபுக்குக் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டியுள்ளன. இதை மறுப்பதற்கில்லை, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. தனிமனிதருக்கு இடையில் உண்மையாக இருப்பது குழுவுக்கும் குழுவுக்கும் இடையிலும் உண்மையாக வேண்டியதில்லை என்பதை மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1970-இலேயே ஜென்சனுக்குப் பதிலாக விதைகளைக் காட்டி விளக்கினார். அதை நம் மண்ணுக்கு ஏற்பச் சொல்லலாம். பல தாய்மரங்களின் ரப்பர் கொட்டைகளைக் கலந்து இரண்டு பங்காக்கி, ஒன்றை நல்ல சரிவு நிலத்திலும் மற்றதை நீர் வடியாத சதுப்பிலும் நட்டால், ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் மரத்துக்கு மரம் காணும் வேறுபாடு விதையால் வந்தது. இரண்டு நிலங்களுக்கு இடையில் காணும் வேறுபாடோ முழுக்க மண்ணால் வந்தது. இதற்கு நடைமுறைச் சான்றும் உண்டு. நெதர்லாந்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் தேர்வுப் புள்ளிகள் 1952 முதல் 1982 வரை ஏறத்தாழ 20 புள்ளி உயர்ந்ததை ஜேம்ஸ் பிளின் எடுத்துக்காட்டினார். ஒரே நாடு, ஒரே மக்கள், முப்பதே ஆண்டுகள். 1994-இல் வந்த ‘தி பெல் கர்வ்’ நூல் எழுப்பிய சர்ச்சைக்குப் பின், அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 1996-இல், குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு மரபணு விளக்கம் தரும் சான்று போதாது என்றே எழுதியது. 2002-இல் ரிச்சர்ட் லின்னும் தாது வன்ஹானனும் 185 நாடுகளுக்கு நுண்ணறிவு ஈவுப் பட்டியல் போட்டார்கள். அவற்றில் 104 நாடுகளுக்கு அளந்த தரவு எதுவும் இல்லை. அக்கம்பக்கத்து நாடுகளைப் பார்த்து எண் வைத்தார்கள். 1891 கணக்கெடுப்பின் பெட்டிக்கும் இந்தப் பட்டியலுக்கும் இடையில் நூறாண்டு கடந்தும், முறை பெரிதாக மாறவில்லை.

நம் நாட்டில் அதிகம் கேட்கும் ஆட்சேபணை மரபைப் பற்றியது அல்ல, பண்பாட்டைப் பற்றியது. சீனரும் ஏழைகளாகத்தான் வந்தார்கள், அவர்கள் எழுந்தார்கள், தோட்டத்துத் தமிழர் ஏன் எழவில்லை? தமிழ்ப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை, கள்ளுக்கடைதான் கதி என்று நம்மவர்களே சொல்வதுண்டு. சீனர் பட்ட பாட்டைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவசரகாலத்தில் சீனரைக் குடியமர்த்திய செமினிப் புதுக்கிராமத்தில் வேலிக் கதவருகே, வேலைக்குப் போன பெண்கள் உணவுக் கட்டுப்பாட்டின் பெயரால் சோதனையிடப்பட்ட முறை பற்றி எழுந்த புகாரை 1956-இல் அரசு விசாரணை ஆணையமே ஆராய வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் புதுக்கிராமத்துப் பிள்ளைக்கு ஊருக்குள் பள்ளி இருந்தது. அதை நடத்தியது பெற்றோரும் கடைக்காரரும் சேர்ந்த பள்ளி வாரியம். ஆறாம் வகுப்புக்குப் பின் காஜாங்கில் யூ ஹுவா போன்ற சீன இடைநிலைப்பள்ளி இருந்தது. தமிழ்க் கல்விக்கு ஆறாம் வகுப்போடு பாதை முடிந்தது. அதற்கு மேல் படிக்க ஒரு புகுமுக வகுப்பைக் கடந்து, வேற்று மொழியில், பேருந்துச் செலவோடு, பட்டணத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். 1964 வரை அதற்கு முன்பே ஒரு நுழைவுத் தேர்வு வேறு வடிகட்டியது. அக்கறையைப் பற்றிச் சொன்னால், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முதலியோரின் முன்னெடுப்பில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்தால் போதும். சீனருக்கு இணையான கூலி, துரைமார் எதிரில் மிதிவண்டியை விட்டு இறங்கும் கட்டாயத்துக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி. எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. அரசு துருப்புகளை அனுப்பியது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். கல்வி கேட்டுச் சூடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் வீட்டில் கல்வியை மதிக்கவில்லை என்று சொல்வது வரலாறு அறியாத பேச்சு. மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாரிமுத்து தோட்டப் பள்ளியை ஆராய்ந்து, அது தொழிலாளியின் பிள்ளையை மறுபடி தொழிலாளியாக்கும் கருவியாகவே இயங்கியது என்று முடிவுகட்டியதற்குப் பின்னணி இதுதான்.

இன்னொரு வாதம் மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் தோட்டத்துக்கு வந்தவர்களும் ஒரே சாதியினர் அல்லர், ஆகவே வேறுபாடு பிறப்பில்தான் என்பது அது. இனத்தின் பெயரால் தோற்ற வாதம் சாதியின் பெயரால் திரும்பி வருகிறது, அவ்வளவே. தோட்டத்துக்கு வந்தவர்களின் சொந்தபந்தங்கள் திருச்சி, சேலம், தஞ்சை, ஆர்க்காடு ஊர்களில் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் படித்தது, 1920-கள் முதல் வகுப்புவாரி உரிமைக்காகப் போராடி, பின்னர் பள்ளியை ஊருக்கு ஊர் திறந்து, மதிய உணவும் போட்ட ஒரு மாநிலத்தில். 2021-22-இல் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்தோர் வீதம் 47 விழுக்காடு. இந்தியாவின் சராசரி 28 விழுக்காடு. கப்பல் ஏறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் குருதி ஒன்று. கடலின் இரு கரையிலும் வேறுபட்டிருந்தது பள்ளிக்கூடத்தின் நிலை.

இவ்வளவும் படித்த பிறகு, அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம். நான் அதை ஏற்கவில்லை. 1971-க்குப் பின் இன உரிமைகளைக் கேள்வி கேட்பது தேச நிந்தனைச் சட்டத்துக்குள் வந்தது. பல்கலைக்கழகச் சேர்க்கையையும் தேர்வு முடிவுகளையும் பற்றிய எண்களைத் திறந்து பேசத் தயக்கம் ஏற்பட்டது. அந்த மௌனத்தில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் தோட்டத்துப் பிள்ளைகளே. இந்தியர் நிபுணர்களாக ஏராளமாக இருக்கிறார்கள் என்ற சராசரி அவர்களை மறைத்தது. அரசின் புதிய பொருளாதாரக் கொள்கையின் பட்டியலில் வறுமை பெரும்பாலும் கிராமத்துக்கு உரியதாயிற்று. தோட்டமோ தனியார் நிலம், கிராமமுமில்லை, நகரமுமில்லை. முராட் ஆய்வு பயன்பட்டது அது வருமானத்தையும் இருப்பிடத்தையும் சேர்த்து அளந்ததால்தான். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் அப்படியே. பிள்ளைகளின் திறனைப் பற்றிய தீர்ப்புக்காகக் காத்திராமல், மாலை வகுப்பும் வழிகாட்டுதலும் இல்லாததே குறை என்று கணித்து அதை நிரப்பப் புறப்பட்டது. நூறாண்டுக்கு முன் ஆல்பிரெட் பினே பாரிஸில் முதல் நுண்ணறிவுத் தேர்வை உருவாக்கியபோது அவர் தேடியதும் எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதையே. யார் உயர்ந்தவர் என்று வரிசைப்படுத்தும் பழக்கம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

செமினியில் இன்று தோட்டங்கள் பெரும்பாலும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரிஞ்சிங் என்பது ஒரு பண்டாரின், அதாவது புதுநகரின் பெயர். தேசியப் பல்கலைக்கழகம் 1977-இல் பக்கத்துப் பாங்கிக்கு வந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005-இல் செமினிக்கே வந்தது. விடுதலையின்போது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இப்போது 530-க்கும் சற்றுக் குறைவு. பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்ததால் மட்டும் பாதை அமைந்துவிடாது என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. இனிமேல் இனவாரி மதிப்பெண் பட்டியல் ஒன்று நம் முன் வைக்கப்பட்டால், அதை வைப்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தச் சராசரிக்குள் இருக்கும் பிள்ளைகளின் குடும்ப வருமானம் என்ன, எந்தப் பள்ளியில், எந்த மொழியில், எத்தனை ஆண்டு படித்தார்கள் என்று பிரித்துக் காட்ட முடியுமா? காட்ட முடிந்தால் அது ஆராய்ச்சி; அதன் முடிவு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் படிக்கலாம். காட்ட முடியாவிட்டால் அந்தப் பட்டியல் 1891-இன் பெட்டியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், ஏன் உதிர்ந்தார்கள் என்பதைப் புகுமுக வகுப்பின் வரலாற்றோடு அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)